கழற்றினால் கழலும் கணினி

திங்க்பேடு எக்ஸ்220 லேப்டாப்பின் கீபோர்டில் எஸ்கேப், டிலீட் இரண்டும் மற்ற விசைகளைவிட இரு மடங்கு உயரம். நாள் முழுக்க விம் எடிட்டரில் எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று வேர்டில் பழகியவர்களிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். விம்மில் எழுதும் நிலை வேறு, திருத்தும் நிலை வேறு. எழுதியதைத் திருத்தப் போகும் ஒவ்வொரு தடவையும் எஸ்கேப்பைத் தட்டியாக வேண்டும். இடது கை பார்க்காமலே போய் விழ அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. விசை நன்றாக ஆழம் இறங்கும். பாதியில் லேசாக முரண்டு பிடித்து, பிறகு விட்டுக்கொடுக்கும். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகளில் தட்டினால் மேஜையைத் தட்டுவது போலத்தான் இருக்கிறது.

2011-இல் வந்த மாடல் இது. 1992-இல் ஐபிஎம் முதல் திங்க்பேடை வெளியிட்டபோது அதற்கு உருவம் கொடுத்தவர் ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர். ஜப்பானியர்களின் கறுப்புச் சாப்பாட்டுப் பெட்டிதான் அவருக்கு மாதிரி. வெளியே ஒரு அலங்காரமும் கிடையாது. மூடியைத் திறந்தால்தான் சமாசாரம். கீபோர்டின் நடுவில் மவுஸ் வேலை பார்க்கும் சிவப்புக் குமிழ் ஒன்றுதான் ஆடம்பரம். 2005-இல் ஐபிஎம்மின் பிசி பிரிவு லெனோவோ கைக்குப் போன பிறகும் பழைய ஏழு வரிசைக் கீபோர்டு சில வருடம் தாக்குப்பிடித்தது. எக்ஸ்220, டி420 தலைமுறையோடு அது போயிற்று. அடுத்து வந்த எக்ஸ்230-ஐ வாங்கியவர்களில் சிலர், பழைய கீபோர்டைத் தேடிப் பிடித்து அதில் மாட்டி, அது ஒழுங்காக வேலை செய்ய உள்ளிருக்கும் கண்ட்ரோலரின் நிரலையும் திருத்திக்கொள்கிறார்கள். பைத்தியக்காரத்தனம்தான். எனக்குப் பிடித்த பைத்தியக்காரத்தனம்.

இந்தப் பெட்டியை ரசிக்க வேண்டுமானால் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் ஸ்க்ரூத் துளைகளின் பக்கத்தில் பொடிப் பொடியாகப் படங்கள் இருக்கும். கீபோர்டுப் படம் போட்ட துளைகளில் உள்ளவற்றை மட்டும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, நிமிர்த்தி, கீபோர்டைத் திரைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளித் தூக்கினால் கையோடு வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே ஸ்க்ரூ. பேட்டரிக்கு அதுவும் வேண்டாம். எதைக் கழற்றிய பிறகு எதைக் கழற்றுவது என்பதைப் படத்தோடு சொல்லும் பராமரிப்புக் கையேட்டை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு. அந்த எண்ணோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் விளக்கம் சொல்லி மாளவேண்டியதில்லை. ராமை மதர்போர்டோடு சாலிடர் செய்து, பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டி விற்கும் இந்தக் காலத்தில் இதெல்லாம் பெரிய மரியாதை. வாங்கியவனுக்குக் கையும் புத்தியும் உண்டு என்று நம்பிச் செய்த மரியாதை.

என் பெட்டியில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. இன்றும் அதற்கு முதலாளி கிடையாது, தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். அதில் இருக்கும் எந்தக் கட்டற்ற மென்பொருளுக்கும் மூலநிரல் வேண்டுமென்றால் ஒரே கட்டளையில் வந்து இறங்கும். படிக்கலாம், திருத்தலாம், மறுபடி கட்டிக்கொள்ளலாம். படிக்கிறேனா என்றால், அபூர்வமாகத்தான். ஆனால் மூடி திறக்கும் என்று தெரிந்திருப்பதே ஒரு தெம்பு.

டெர்மினலின் ருசிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு உரையில் அதிகம் வரும் சொற்களைப் பட்டியலிடும் நிரல் ஒன்றை எழுதித் தரும்படி ஜான் பென்ட்லி தன் பத்திரிகைப் பத்திக்காக கணினி அறிஞர் டொனால்டு நூத்திடம் கேட்டார். நூத் தமக்கே உரிய நேர்த்தியோடு பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். 1986-இல் அதற்கு மதிப்புரை எழுதிய டக் மெக்கில்ராய், நூத்தின் கைவண்ணத்தைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு யூனிக்ஸ் கட்டளைகளை, ஒன்றின் விளைவை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பால் கோத்து முடித்துக் காட்டினார். சொற்களை வரிக்கு ஒன்றாகப் பிரி, அகரவரிசைப்படுத்து, ஒரேமாதிரி வருவதை எண்ணு, எண்ணிக்கைப்படி அடுக்கு. அவ்வளவுதான். பைப் என்ற யோசனையே மெக்கில்ராயுடையது. 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். இடைவெளி பார்த்துச் சொல் பிரித்தால் இந்தக் கோவை தமிழ் உரைக்கும் ஓடும். ஒரு நாவலைக் கொடுத்துப் பார்த்தால் ‘ஒரு’ எத்தனை தடவை வருகிறது என்று தெரிந்து எழுத்தாளரே வெட்கப்படுவார்.

எக்ஸ்220-இலும் ஒரு பூட்டு உண்டு. கணினியை எழுப்பும் நிரலான பயாஸின் அனுமதிப் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டை மாட்டினால் பூட் ஆகாது. இதற்கும் மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கி, பின்னால் கோர்பூட் என்று பெயர் மாறிய கட்டற்ற நிரலை பயாஸுக்குப் பதிலாக ஏற்றிவிடலாம். உள்ளே பயாஸ் குடியிருக்கும், எட்டுக் கால் கொண்ட ஒரு சிப் இருக்கிறது. அதன்மேல் கிளிப்பைக் கவ்வவிட்டு, மறுமுனையை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் செருகி, முதலில் பழைய நிரலை இரண்டு முறை படித்து எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, பிறகுதான் புதியதை எழுத வேண்டும். கிளிப் ஒரு மயிரிழை விலகினாலும் இரண்டு நகலும் ஒத்துப்போகாது. பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

லினக்ஸ் போட்டால் எந்தக் கிழட்டுக் கணினியும் பறக்கும் என்று சொல்லித் திரியும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கணினியைத் திணறவைப்பது பெரும்பாலும் இணையப் பக்கங்கள்தான். அவை டெபியனிலும் அதே கனம். யூடியூப் விபி9 முறையில் சுருக்கி அனுப்பும் வீடியோவைப் பிரிக்க எக்ஸ்220-இன் கிராஃபிக்ஸுக்குத் தெரியாது. அந்தச் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழ, ஃபேன் அலறும். வயதுக்கும் எல்லை இருக்கிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியதே 386 கணினியில்தான். 2012 கடைசியில் அந்தச் சிப்புக்கான ஆதரவைக் கெர்னலிலிருந்து கழற்றி எறிந்தார்கள். 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்களுக்கு இன்ஸ்டாலரும் இல்லை. பராமரிக்க ஆள் இல்லாததைச் சுமந்துகொண்டிருப்பதைவிட இதுதான் நேர்மை என்பேன்.

64 பிட் கணினிகளின் கதை வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுகிற நல்ல லேப்டாப்புகள் ஏராளம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். காயலான் கடைக்குப் போடுமுன் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். நிறுவாமலே ஓடும், வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பிடித்திருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு நிறுவுங்கள். அதற்கு முன் உங்கள் படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.