கலம்பாவின் பெயர்கள்: ரிஸாலை மறுவாசித்தல்

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற ரோலன் பார்த்தின் வாசகம் நம் பேச்சில் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டது. 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானிய அரசு ஓர் ஆசிரியனை நிஜமாகவே சுட்டுக் கொன்றது. ஹோஸே ரிஸால் ஆயுதம் எடுத்தவரல்ல. எடுத்தவர்களைக் கண்டித்து அதே டிசம்பரில் சிறையிலிருந்து அறிக்கை எழுதியவர். ஆனால் எழுச்சியைத் தொடங்கிய கத்திபுனான் இயக்கத்தினர் அவர் பெயரையே தங்கள் ரகசியக் குறிச்சொல்லாக வைத்திருந்தார்கள். ஆசிரியன் ஒரு பக்கம் போக, பிரதி இன்னொரு பக்கம் போனது.

ரெனாதோ கான்ஸ்டன்டினோ 1969இல் இதைத்தான் வேறுவிதமாகக் கேட்டார்: புரட்சியை மறுத்தவர் எப்படித் தேசியத் தலைவரானார்? தங்களுக்குத் தோதான தலைவர் என்று பின்னால் வந்த அமெரிக்க ஆட்சியாளர்கள் அவரைத் தூக்கிப்பிடித்தார்கள் என்றார். எனக்கும் இதில் பெரும்பகுதி உடன்பாடுதான். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நாவலைப் படிப்பதில்தான் என் தகராறு.

முதல் நாவல் 'நோலி மீ தாங்கரே' (1887), பாதிரிகளின் அதிகாரத்தைக் கேலியால் கிழித்தது. இரண்டாவதான 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' (1891) கறுத்துப்போன நாவல். அதன் முடிவில் சிமோனின் வெடிகுண்டுத் திட்டம் தோற்கிறது. துன்பத்தால்தான் விடுதலைக்குத் தகுதி பெற வேண்டும் என்று ஒரு சுதேசிப் பாதிரி உபதேசிக்கிறார். ரிஸாலைச் சீர்திருத்தவாதி என்பவர்கள் இங்கேதான் அடிக்கோடு போடுவார்கள்.

நான் அடிக்கோடு போடுவது தாலெஸின் கதையில். காடு திருத்தி நிலமாக்குகிறான்; அந்த உழைப்பில் மனைவியையும் ஒரு மகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுக்கிறான். விளைச்சல் வந்ததும், நிலம் எங்களுடையது என்று வருகிறது துறவியர் சபை. சில பத்துப் பெசோவில் தொடங்கிய குத்தகை 200க்கு ஏறுகிறது. வழக்காடித் தோற்கிறான். கடைசியில் மூன்று பேரைக் கொன்றுவிட்டுக் காட்டுக்குப் போகிறான்.

கொலை நடந்த சூட்டோடு புனைவு உடைகிறது. கதைசொல்லி திரும்பி, கலம்பா ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசுகிறார்: பயப்படாதீர்கள், உங்களில் யாரும் தாலெஸ் இல்லை. பிறகு நிஜப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் ரிஸாலின் அண்ணன் பாசியானோ இருக்கிறார். அக்காமார் புருஷன்மார் இருக்கிறார்கள். கலம்பா அவர் சொந்த ஊர். தொமினிக்கன் சபையோடு குத்தகைத் தகராறில், 1890-91இல் அவர் குடும்பத்தோடு பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

'நீங்கள் தாலெஸ் இல்லை' என்ற மறுப்பை எப்படி வாசிப்பது? கொலைகாரர்கள் அல்ல என்ற நற்சான்றாகவா? 'இன்னும் இல்லை' என்பதாகவா? பெரும்பான்மை மக்கள் அறியாத ஸ்பானிய மொழியில் இதைச் சொல்கிறபோது, முகம் கலம்பாவைப் பார்த்திருந்தாலும் குரல் போய்ச் சேர்வது சபையின் காதுக்கு. ஆறுதல் மாதிரி எழுதப்பட்ட மிரட்டல் இது. உபதேசத்தோடு முடியும் நாவல் இந்தப் பக்கத்தை ரத்து செய்யவில்லை.

அதே சமயம், காட்டுக்குப் போன தாலெஸுக்கு நாவல் அதிகம் பேச்சு தரவில்லை. அவன் மகள் ஹூலி, பாதிரியிடமிருந்து தப்பக் குதித்துச் சாகிறாள். படைவீரனான மகன் தானோ, யாரென்று தெரியாமல் தன் தாத்தாவையே சுட்டுவிடுகிறான். ஒரு குடும்பம் முழுசாக அழிந்தபிறகுதான் பாதிரியின் உபதேசம் வருகிறது. தத்துவம் பேச சிமோனுக்கும் பாதிரிக்கும் மட்டுமே வாய் இருக்கிறது. ரிஸாலின் வர்க்க எல்லை இதுதான்.

1956இல் சட்டம் போட்டு இந்த நாவல்களைப் பாடமாக்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்துப் பார்த்தது. பாடமாகிவிட்ட நாவலில் உபதேசத்தை மனப்பாடம் செய்வது சுலபம். ஆனால் அந்தப் பெயர்வரிசை நாவலுக்குள் அப்படியேதான் இருக்கிறது, நிலத்துக்குக் கணக்குக் கேட்டபடி.