பெருந்திரையும் லேசர் ஒளியும்

கலைகள் யாவும் தத்தமக்குரிய கருவிகளைச் சார்ந்து நிற்பன. கருவி மாறுங்கால் கலை பெறுவனவும் உள, இழப்பனவும் உள. 1849ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவியபோது, ஏட்டுச் சுவடியை எறிந்துவிட்டு அச்சை ஏற்றாரல்லர். ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தமான பாடம் தேர்ந்த பின்னரே அச்சேற்றினார். புதிய கருவி வந்துவிட்டது என்பதே சிறப்பாகாது. பழையதன் பொருள் புதியதிற் குறைவின்றி வந்து சேர்ந்ததா என ஆராய்தலே அறிவுடையார் செயலாகும். அச்சுக்கலைக்குப் பொருந்தும் இவ்வளவுகோல் சினிமாக் கலைக்கும் பொருந்தும். உலகின் பெருந்திரைப் படமாளிகைகள் படச்சுருளைக் கைவிட்டு லேசர் ஒளியால் இயங்கும் இலக்கமுறைக்கு மாறியுள்ள இக்காலத்தில், அம்மாற்றத்தை அவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

பெருந்திரை என ஈண்டுச் சுட்டப்படுவது ஐமாக்ஸ் எனப்படும் முறையாகும். கனடா நாட்டவரான கிறேம் பேர்கசன், றோமன் குறொயிட்டர், றொபேட் கேர், வில்லியம் ஷோ ஆகியோர் இதனை உருவாக்கினர். 1970இல் யப்பானின் ஒசாக்கா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1971இல் ரொறன்ரோ நகரின் ஏரிக்கரையில் சினிஸ்பியர் என்னும் முதலாவது நிலையான ஐமாக்ஸ் மண்டபம் திறக்கப்பட்டது. இம்முறையின் உயிர்நிலை படச்சட்டத்தின் பருமனே. பொதுவான 35 மில்லிமீற்றர்ச் சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒவ்வொரு படமும் நான்கு துளை நீளமே கொள்ளும். ஐமாக்ஸ் சுருளோ 70 மில்லிமீற்றர் அகலமுடையதாய்க் கிடையாக ஓடும். ஒரு படம் பதினைந்து துளை நீளம் கொள்ளும். ஆதலின் அதன் ஒரு சட்டம் 35 மில்லிமீற்றர்ச் சட்டத்தினும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பரப்புடையதாயிற்று. விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுங்கால், ஏறத்தாழ 1.7 மீற்றர் நீளச் சுருள் ஒவ்வொரு விநாடியும் கருவியைக் கடந்து செல்லும். இத்துணை வேகத்தில் ஓடும் கனத்த சுருள் கிழியாதிருத்தற்கு, ஆஸ்திரேலியரான றொன் ஜோன்ஸ் கண்ட உருள்வளைய முறை பயன்பட்டது. புழு நெளிந்து நகர்வதுபோலச் சுருள் அலையலையாய் முன்செல்லும். ஒளிக்கு நீராற் குளிர்விக்கப்பட்ட 15 கிலோவாற்றுச் செனன் விளக்கு வேண்டியிருந்தது.

இத்துணை முயற்சியும் எதன்பொருட்டு எனின், பார்ப்போன் படத்தின் எல்லையைக் காணாதிருத்தற்பொருட்டேயாம். ஐமாக்ஸ் சுருட்படத்தின் அகலம் உயரத்தின் 1.43 மடங்கே. சாதாரண அகலத்திரைப் படத்தில் அது 2.39 மடங்காகும். முன்னையது நிமிர்ந்து நிற்பது. பின்னையது கிடந்து நீள்வது. அகலம் மட்டும் விரிந்த காட்சியைக் கண் இடமும் வலமுமாகத் துழாவும். உயரமும் ஓங்கிய காட்சிமுன் தலை தானாகவே நிமிரும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தெற்கு வாயிலில் 2011இல் எழுந்த ஒன்பது நிலைக் கோபுரத்தின் கீழ் நிற்பவன் இதனை எளிதில் உணர்வான். அக்கோபுரத்தின் கல்லையும் சுதையையும் அதே அளவிற் கொண்டு நீண்டதொரு மதில் எழுப்பினும், கோபுரம் தரும் அனுபவத்தை அம்மதில் தரமாட்டாது. பெருந்திரையின் பெருமை பரப்பினும் உயரத்தையே மிகுதியும் பற்றியது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் இம்முறை பொருட்செலவு மிக்கது. 2023இல் வெளிவந்த ‘ஒப்பன்ஹைமர்’ படத்தின் ஐமாக்ஸ் சுருள் ஏறத்தாழ 11 மைல் நீளமும் 600 இறாத்தல் நிறையும் உடையதாயிருந்தது. அச்சுருளைக் காட்டவல்ல மண்டபங்கள் உலகெங்கும் ஏறத்தாழ முப்பதே. அவற்றுள் ஒன்றேனும் இந்தியாவில் இருக்கவில்லை. ஒரு படத்துக்குப் பிரதியெடுக்க இத்துணை பாடும் செலவும் வேண்டின், வாரந்தோறும் படம் மாற்றும் வணிகப் படமாளிகை அதனைத் தாங்கமாட்டாது. எனவே 2008 முதல் ஐமாக்ஸ் நிறுவனம் இலக்கமுறைக் கருவிகளை நிறுவலாயிற்று. செனன் விளக்கொளியில் இயங்கிய அக்கருவிகள் இரண்டை ஒருங்கே பொருத்தி ஒரே படத்தைத் திரையில் வீழ்த்தினர். ஆயின் அவற்றின் நுட்பமும் ஒளியும் பழைய மாபெருந் திரையை நிரப்பப் போதியனவாக இல்லை. படத்தின் வடிவும் 1.90 மடங்கு அகலமாக மாறியது. உயரம் குறைந்தது, திரை சிறுத்தது, பெயர் மட்டும் மாறாது நின்றது. பெருந்திரையின் வரலாற்றில் உண்மையான தாழ்வு லேசரால் வந்ததன்று. சுருளுக்கும் லேசருக்கும் இடைப்பட்ட இக்காலத்திலேயே அது நேர்ந்தது.

2014ஆம் ஆண்டின் இறுதியையொட்டி வெளிவந்த லேசர்க் கருவி அத்தாழ்விலிருந்து மீளும் முயற்சியாகும். செனன் விளக்கின் வெண்ணிற ஒளியைப் பிரித்து நிறம் பெறுவதற்குப் பதிலாக, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவண்ண ஒளியையும் லேசர்கள் நேராகவே தருகின்றன. அவ்வொளி எண்பத்தெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணாடிகள் பதித்த சில்லுகளிற் பட்டுத் திரையை அடைகின்றது. இதனால் விளைந்த நன்மைகள் மூன்று. முதலாவது, மாபெருந் திரையையும் நிரப்பத்தக்க ஒளி. இரண்டாவது, செனன் கருவி தரமாட்டாத ஆழ்ந்த நிறங்களும் உண்மையான கருமையும். மூன்றாவது, நிலைபேறு, செனன் விளக்கு சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் மணி நேரத்தில் மாற்றப்படுவது, லேசரோ பல்லாயிரம் மணி நேரம் உழைப்பது. இரு கருவிகளைப் பூட்டிய உயர்தர லேசர் முறை 1.43 மடங்கு வடிவையும் மீட்டுத் தந்தது. ஆனால் அதன்பின் வந்த ஒற்றைக் கருவி முறையோ 1.90 வடிவத்திலேயே நிற்கின்றது. இரண்டும் லேசர் என்றே விளம்பரப்படுத்தப்படுகின்றன, இரண்டும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை விளக்க ஐதராபாத்திலுள்ள பிரசாத் மண்டபத்தின் வரலாறு ஒன்றே சாலும். தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) படத்தில் நடித்தவரும், ‘மனோகரா’ (1954) படத்தை இயக்கியவருமாகிய எல். வி. பிரசாத்தின் குடும்பத்தார் 2003இல் அதனை நிறுவினர். 72 அடி உயரமும் 95 அடி அகலமும் கொண்ட அதன் திரையில் ஐமாக்ஸ் சுருள் ஓடியது. சுருட்பிரதிகள் அருகியபோது, அன்றைய இலக்கமுறைக் கருவி அத்திரைக்கு ஈடாகவில்லை. 2014இல் மண்டபம் ஐமாக்ஸ் என்னும் பெயரையே துறந்தது. பின்னர் 2022இன் இறுதியில் ஏறத்தாழ 64 அடி உயரமும் 101 அடி அகலமும் கொண்ட புதிய திரையும் இரட்டை லேசர்க் கருவிகளும் அங்கே அமைக்கப்பட்டன. பெருந்திரை மீண்டது என மக்கள் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சி பொருளற்றதன்று. எனினும் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 2.39 வடிவத்தில் எடுக்கப்பட்ட படமொன்று அத்திரையின் அகலம் முழுவதையும் நிரப்பினும், அதன் உயரம் ஏறத்தாழ 42 அடியே ஆகும். எஞ்சிய 22 அடி இருளாய்க் கிடக்கும். 1.90 வடிவப் படமாயின் 53 அடி எட்டும். 1.43 வடிவப் படம் ஒன்றே 64 அடி உயரத்தையும் நிரப்பவல்லது. ஆகவே திரையின் அளவு வேறு. படத்தின் அளவு வேறு. கருவி எத்துணை சிறந்ததாயினும், எடுத்த படம் தாழ்வாயின் திரை ஓங்கமாட்டாது.

நம்மவர் பெருகி வாழும் பிற நகரங்களில் இம்மாற்றம் வெவ்வேறு விதமாய் நிகழ்ந்தது. சிட்னி நகரின் டார்லிங் துறைமுகத்தில் 1996இல் திறக்கப்பட்டு, 29 மீற்றருக்கு மேற்பட்ட உயரத் திரையுடன் விளங்கிய மண்டபம் 2016இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 2023இல் அதேயிடத்தில் லேசர்க் கருவியுடன் புதிய மண்டபம் எழுந்தது. ஆயின் திரை முன்னையதினும் சிறிது. ரொறன்ரோவின் சினிஸ்பியரோ 2017இல் மீளத் திறக்கப்பட்டபோது லேசர்க் கருவியை ஏற்றதோடு சுருட்கருவியையும் பேணிக்கொண்டது. புதியது புகுத்துவோர் பழையதைக் கழித்தேயாகவேண்டும் என்னும் நியதியில்லை என்பதற்கு இது தக்க சான்று.

சுருளே சிறந்தது, லேசர் இழிந்தது எனக் கூறுதலும் நடுநிலையாகாது. ஊரூராகச் சென்று தேய்ந்த பிரதியில் இடையறாது மழை பெய்வதையும், பாட்டின் நடுவே சுருள் அறுந்து மண்டபம் சீழ்க்கையொலியால் அதிர்வதையும் வெலிங்டன், றீகல், வின்சர், மனோகரா முதலாய யாழ்ப்பாணப் படமாளிகைகளின் பழைய இரசிகர் அறிவர். முதல் நாட் காட்சியும் நூறாம் நாட் காட்சியும் சுருளில் ஒன்றாயிருப்பதில்லை, லேசரில் ஒன்றாயிருக்கும். ஆயினும் மூலச்சுருளில் அடங்கிய நுட்பத்தை இன்றைய கருவிகள் முழுதும் வெளிக்கொணர்ந்தன என்றும் கூறவியலாது. நாளை இன்னும் நுண்ணிய கருவி வரின், பழைய மூலச்சுருளிலிருந்து இன்னும் நுண்ணிய படம் பெறலாம். இலக்கமுறையிற் குறைந்த நுட்பத்தில் எடுக்கப்பட்ட படத்துக்கு அவ்வாறான எதிர்காலம் இல்லை. எடுத்த அன்றே அதன் எல்லை வரையறுக்கப்பட்டுவிட்டது. சுருங்கக் கூறின், காட்டுதற்கு லேசர் சிறந்தது; பதிவு செய்து பேணுதற்குச் சுருளின் தகுதி இன்னும் மங்கவில்லை.

இனித் தமிழ்ப் படத்தை நோக்குவோம். 2022இல் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகமே ஐமாக்ஸ் முறையில் வெளியான முதல் தமிழ்ப்படம். சோழர் மாளிகையும் கடலும் போர்க்களமும் நிரம்பிய அக்கதை பெருந்திரைக்கு மிகவும் இசைந்தது. ஆயினும் அது அம்முறைக்கென்றே கருக்கொண்டு எடுக்கப்பட்டதன்று. எடுத்து முடித்த படம் அம்முறைக்கு மாற்றப்பட்டது. ஏனைய தமிழ்ப்படங்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே. இதற்கு மாறான முயற்சி இந்திய மண்ணிற் சமயவழியே நிகழ்ந்தது. சுவாமிநாராயண சம்பிரதாயத்தார் 2005இல் வெளியிட்ட ‘மிஸ்டிக் இந்தியா’ என்னும் படம் ஐமாக்ஸ் சுருளுக்கென்றே எடுக்கப்பட்டது. 1792இல் அயோத்தியினின்று புறப்பட்ட பதினொரு வயதுச் சிறுவன் நீலகண்டன் ஏழாண்டுகளாக ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் கால்நடையாய்ச் சென்ற யாத்திரையே அதன் பொருள். கதையிற் பெரிதும் திருப்பமில்லை. பாத்திர முரணும் அரிது. ஆயினும் பனிமலையின் அடியில் தனித்து நடக்கும் சிறுவனின் சிறுமையும் மலையின் பெருமையும் ஒரே சட்டத்தில் அமையுங்கால், வடிவும் பொருளும் ஒன்றாகின்றன. யாத்திரை என்னும் பொருளுக்கு நிமிர்ந்த வடிவமே வேண்டும் என அப்படத்தை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வு தமிழ் இயக்குநரிடத்து இன்னும் முகிழ்க்கவில்லை. சுருட்காலத்தில் செலவு பெரிது என்று காரணம் காட்டலாம். லேசர்க் காலத்தில் அக்காரணம் பெரிதும் வலிகுன்றிற்று. நிமிர்ந்த வடிவத்தை இலக்கமுறைக் கமராவிலும் எடுக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய மாபெருந் திரை எழுந்ததில்லை. ஆதலின் இவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டாவென்று ஒருவர் கூறலாம். அது பொருந்தாது. படம் எப்பொருளிற் பதியப்படுகின்றது, அதனை யார் பேணுகின்றனர் என்னும் வினா இந்நாட்டவர்க்கு மிகவும் நெருங்கியது. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது, பல படங்களின் மூலச்சுருள்கள் மீட்கவொண்ணாது அழிந்தன. சுருள் எரியும், இது அனுபவம் கற்பித்த பாடம். இலக்கமுறைப் படம் எரிவதில்லையெனினும் பூட்டப்படும். படமாளிகைக்கு வரும் கோப்பினைத் திறக்கும் திறவுகோல் குறித்த நாளிற் செல்லுபடியாகிக் குறித்த நாளில் அற்றுப்போகும். வட்டு கையிலிருந்தும் படம் கையிலில்லை என்னும் நிலை உண்டாகும். ஓரிடத்தில் ஒரே மூலமாய் வைத்த சுருளும் காப்பாகாது. திறவுகோல் பிறர் கையிலுள்ள கோப்பும் காப்பாகாது. பல இடங்களிற் பல வடிவங்களிற் பேணுதலே காப்பாகும். ஏடுகளைப் பல ஊர்களில் தேடி ஒப்புநோக்கிய நாவலர் மரபுக்கு இது புதியதோர் அறிவுரையன்று.

ஆகவே பெருந்திரையை மதிப்பிடுவோன் விளம்பரத்தின் பெயரை நம்பாது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். திரையின் உயரத்தில் எத்துணைப் பங்கைப் படம் நிரப்புகின்றது? அப்படம் அவ்வடிவுக்கென்றே ஆக்கப்பட்டதா, பின்னர்ப் பெருக்கப்பட்டதா? அதன் மூலம் எங்கே, எவரால் பேணப்படுகின்றது? லேசர் ஒளி முதல் வினாவுக்கு விடைகாண வழிதிறந்தது. பிற இரண்டுக்கும் விடை கருவியிடத்து இல்லை, மாந்தரிடத்தேயே உளது. செனன் காலத்தில் மங்கிய பெருந்திரைக்கு ஒளி மீண்டுவிட்டது. அவ்வொளியில் நிமிர்ந்து நிற்கத்தக்க தமிழ்ப்படம் ஒன்று தோன்றும்வரை, நிகழ்ந்தது கருவியின் வளர்ச்சியேயன்றிக் கலையின் வளர்ச்சி எனக் கொள்ளற்பாலதன்று.