அழுகையும் ஆற்றுவாரும்

மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர் நகைக்கு அடுத்த இடத்தை அழுகைக்குக் கொடுத்தார். அவ்வழுகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக எண்ணி, இளிவு, இழவு, அசைவு, வறுமை எனப் பெயரும் இட்டார். இந்நாட்டுத் தோட்டத்தில் பிறந்தவன் எவனும் இந்நான்கையும் படித்தால், ‘இஃது எங்கள் சரித்திரமன்றோ’ என்பான். அது வேறு கதை. நாம் இங்கு எடுத்துக்கொண்டது இழவு ஒன்றையே.

நம் இலக்கியத்திற்கு அழத் தெரியும்; அதில் ஐயமில்லை. இறந்தாரை நினைந்து இரங்கும் பாட்டிற்குக் ‘கையறு நிலை’ என்று பெயரிட்டவன், துயரத்தை வெளியே நின்று பார்த்தவனல்லன். அடுப்பு மூட்டக் கை எழவில்லை, செய்வது யாதென்று தோன்றவில்லை என்னும் நிலையை அவன் ஒரே தொடரில் பிடித்துவிட்டான். கோப்பெருஞ்சோழனைப் பிரிந்து உறையூர் மீண்ட பொத்தியார், மன்னனில்லாத மன்றத்தைக் கண்டார். நெடுங்காலம் தான் சோறிட்டு வளர்த்த யானை போய்விட, வெறுங்கூடத்தைப் பார்த்து அழும் பாகனுக்குத் தம்மை ஒப்பிட்டார். மோட்டார் சைக்கிள் விபத்தில் மகனை இழந்த தாய், கிள்ளான் அடுக்குமாடி வீட்டின் கதவோரம் தொங்கும் தலைக்கவசத்தைக் காணும்போது நேர்வதும் இதுவேயன்றி வேறென்ன?

ஆனால் துயருற்றாருள் நாம் புகழ்ந்தது யாரை? அதே பொத்தியார் பின்னர் வந்து, அரசன் நடுகல்லின் அருகே தமக்கும் இடம் கேட்டார். பாரியை இழந்த கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது வழக்கு. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் புகுந்தாள். இவற்றை நட்பென்றும் கற்பென்றும் மேடைதோறும் முழங்குகிறோம். பெருங்கோப்பெண்டின் பாட்டைச் சற்றே நின்று படிப்போமாயின், நாணத்தால் வாய் மூடுவோம். நெய் தொடாத பழஞ்சோறும், பாய் விரிக்காத பருக்கைக்கற் படுக்கையுமாகிய கைம்மை வாழ்வை எடுத்துக் கூறி, அதற்குத் தீயே மேல் என்றன்றோ அவள் சொல்கிறாள்! கணவன் இறந்த துயரம் பாதி; ஊரார் வகுத்து வைத்த தண்டனை பாதி. தடுக்க வந்த சான்றோரிடம் மாற்றுவழி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாற்றுவழி காட்ட முயன்றவர் சாத்தனார். மணிமேகலையில், இறந்த மகன் சார்ங்கலனைச் சுமந்து நள்ளிரவில் சம்பாபதியின் முன் நிற்கிறாள் கோதமை. தெய்வம் அவளை வைது துரத்தவில்லை. நேர்ந்தது யாதென்று முதலில் கேட்கிறது. தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தா என்றவளுக்கு, அஃது எத்தேவராலும் ஆகாதென்பதைத் தேவர் கூட்டத்தையே வரவழைத்துக் காட்டுகிறது. கோதமை துயர் நீங்கினாள் என்கிறது காப்பியம். கேட்பது முன்னும் தெளிவிப்பது பின்னுமாக அமைத்த முறை மெச்சத்தக்கது. ஆயினும் ஓர் இரவில் தீர்ந்ததென்பது மட்டும் காப்பியத்தின் அவசரம். மனிதருக்கு அத்தனை விரைவு இல்லை.

நிற்க. ஏட்டிலக்கியத்தை விட்டு லயத்திற்கு வருவோம். லயத்து வாசலில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாடிய ஒப்பாரியை, நாகரிகம் பேசும் நகரத்தார் கூச்சலென்று ஒதுக்குவர். யான் அவ்வாறு ஒதுக்கேன். இறந்தவனின் பிறப்பு, வளர்ப்பு, உழைப்பு, சாவு யாவற்றையும் வரிசையாகச் சொல்லி, சொன்னதையே மீண்டும் சொல்லி, பிறரையும் உடனழைத்து அழுவது ஒப்பாரி. அமெரிக்காவில் காதரின் ஷியர் என்னும் மருத்துவர் நீடித்த துக்கத்திற்கென ஒரு சிகிச்சை வகுத்து, 2005இல் அதன் சோதனை முடிவை வெளியிட்டார். அதன் உயிர்நிலை என்ன? மரணம் நேர்ந்த கதையைத் துணைவர் ஒருவர் முன் திரும்பத் திரும்பச் சொல்லுதல். காண அஞ்சி விலக்கிய இடங்களையும் பொருள்களையும் சிறிது சிறிதாக அணுகுதல். முற்பாதியை நம் கிழவிகள் அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்தம் பாட்டிலேயே ‘பாவி, தாலியறுத்தவள்’ என்று உயிரோடிருப்பவளைக் குற்றவாளியாக்கும் அடிகளும் கலந்துவிட்டன. கருமாதி முடிந்த மறுநாள் பாட்டும் நின்றது, பந்தலும் பிரிந்தது. அதற்குப் பின்வரும் மாதங்களுக்கு ஒப்பாரியில் இடமில்லை. இன்று பிரிக்பீல்ட்ஸ் மாடிவீட்டிலோ அப்பதினாறு நாளும் இல்லை. காலையில் சுடலை, திங்கட்கிழமை வேலை.

உடலே இல்லாத இழவை என் செய்வது? 1942-லும் 1943-லும் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இருப்புப் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு போகப்பட்டனர். மிகப் பலர் மீளவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அக்காட்டைத் தமிழுக்குக் கொண்டு வந்தன. அதற்கு நாம் கடன்பட்டவர். லயத்தில் காத்திருந்தவளை இன்னும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. என் பாட்டி அவர்களில் ஒருத்தி. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை; திவசத்திற்குத் திதியும் தெரியாது. தாத்தாவின் பீங்கான் தட்டை நாள்தோறும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். தீராத வயிற்று வலி அவளுக்கு. தோட்டத்து மருந்தறையில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பூசாரி வேப்பிலை அடித்தார். ‘யாரைப் பறிகொடுத்தாய்’ என்று இருவரும் கேட்கவில்லை. போனாரா இருக்கிறாரா என்று துணிய முடியாத இவ்விழப்பைப் பாலின் பாஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1999இல் நூலாக்கினார்.

துக்கமெல்லாம் நோயல்ல. அழுகிறவரை எல்லாம் மருத்துவரிடம் இழுத்துச் செல்ல வேண்டுமென்று யான் கூறவில்லை. பெரும்பாலார்க்கு உறவும் காலமும் போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்திற்கு மேலும், ஊர் வழக்கத்தையும் மிஞ்சி, அன்றாட வாழ்வு முடங்குமளவு ஏக்கம் நீடித்தால் அதனைத் தனி நோயாக அது கொள்கிறது. ‘துக்கத்திற்கு ஐந்து படி’ என்று பத்திரிகைகள் ஓதுவதையும் நம்பி ஏங்க வேண்டாம். கூப்ளர்-ராஸ் 1969இல் அதனை எழுதியது சாகக் கிடப்பவரைப் பற்றி.

பின் ஏன் நம்மவர் போவதில்லை? ஒரு பெயர் தடுக்கிறது: தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் எழுந்த அம்மருத்துவமனை இன்று பஹாகியா என்ற பெயரோடு இயங்கினும், நம் வசையில் பழைய பெயரே வாழ்கிறது. ‘அங்கே அனுப்பிவிடுவார்கள்’ என்னும் அச்சம் படித்தவரையும் விடவில்லை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மனநலப் பிரிவு ஏனைய பிரிவுகளோடு ஒன்றாகவே இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைக் கண்டு, அங்கு அனுப்பும்படி கடிதம் கேட்கலாம். ஆலோசகர் என்று பலகை மாட்டியவரிடம் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்பது நம் உரிமை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர் நாளை வரை பொறுக்கலாகாது. 1970இல் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் இரவும் பகலும் கேட்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப்பிரிவையும் 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

மொழி ஒரு தடை. பிற மொழியில் கணக்குச் சொல்லலாம், அழ முடியுமா? தமிழறிந்த ஆலோசகரைக் கேட்டு வாங்க வேண்டும், காத்திருக்கவும் நேரும்.

மேலே சொன்ன தலைக்கவசத்துக்கு உரிய தாய் என் அண்டை வீட்டார். ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று இருமுறை மறுத்து, மூன்றாம் முறை போனார். தமிழ்ப் பெண் ஒருவர் எதிரில் அமர்ந்து, முதற்கேள்வியாக மகனின் பெயரைக் கேட்டாராம். அம்மா வருந்துவாளே என்று எட்டு மாதமாக வீட்டில் ஒருவரும் அப்பெயரை உச்சரித்ததில்லை. ஒரு மணி நேரத்தில் முக்காற்பங்கு அழுதே கழிந்தது என்றார். அடுத்த வாரமும் போனார்.