பாத்திரங்களின் கையொப்பம்: ரோல்கீனின் எழுத்துக் கலை பற்றி ஒரு நோக்கு

கதைப் பாத்திரமொன்றின் இயல்பினை அதன் பேச்சிலும் செயலிலும் தேடுவதே நமது விமர்சன வழக்கமாக இருந்து வந்துள்ளது. அப்பாத்திரம் பேனாவை எடுத்தால் எவ்வாறு எழுதும், தன் பெயரை எவ்வாறு ஒப்பமிடும் என்ற வினா எழுவது அரிது. எழுந்தாலும் அது ஓவியனின் வேலை, அச்சகத்தாரின் வேலை என ஒதுக்கப்பட்டு விடுகின்றது. ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். ரோல்கீனின் (1892 - 1973) படைப்புக்களை நோக்குமிடத்து இவ்வொதுக்கல் நியாயமானதன்று என்பது புலனாகும்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ரோல்கீன், அழகெழுத்தில் ஈடுபாட்டைத் தம் தாயாரிடமிருந்து பெற்றவர். 'த லோட் ஒவ் த றிங்ஸ்' (1954 - 55) நாவலில் வரும் கையெழுத்துக்கள் ஒன்றையொன்று ஒத்தனவல்ல. முதியவரான பில்போவினுடையது மெலிந்து அலைவது. மந்திரவாதி கண்டால்ஃபினுடையது உறுதியும் நளினமும் வாய்ந்தது. ஹொபிற் மக்களின் சட்ட வழக்குப்படி ஏழு சாட்சிகள் சிவப்பு மையில் ஒப்பமிட வேண்டுமாம். ஒரு சமூகத்தின் நொத்தாரிசு மனப்பான்மை முழுவதையும் இச்சிறு செய்தி காட்டிவிடுகின்றது!

கண்டால்ஃப் தமது பெயரின் முதலெழுத்தை ரூன் எனப்படும் கீற்றெழுத்தில் ஒப்பக்குறியாக இடுபவர். வாணவேடிக்கைப் பொதிகளிலும், பிறீ ஊர் விடுதியில் விட்டுச்சென்ற கடிதத்திலும் அக்குறி உண்டு. பின்னர் மலையுச்சியில் ஒரு கல்லிலே அவசரக் கீறல்கள் சில காணப்படும்போது, அவை கண்டால்ஃபின் குறியும் ஒக்டோபர் 3 ஆந் திகதியுமாகலாம் என அராகோர்ன் ஊகிக்கின்றான். ஊகிக்கின்றானேயன்றி உறுதி கூறவில்லை. கடிதத்திற் கண்ட குறி நம் மனத்தில் முன்னரே பதிந்துள்ளமையாலேயே கல்லிற் கண்ட கீறலின் ஐயம் நம்மையும் பற்றிக்கொள்கின்றது. ஒப்பம் இங்கு அலங்காரமன்று; கதையின் நகர்வே அதில் தங்கியுள்ளது.

இவ்வகையில் உச்சம் மசர்புல் ஏடு எனலாம். மொரியாச் சுரங்கத்தில் மடிந்த குள்ளர் கூட்டத்தின் நாட்குறிப்பு அது. அதன் மூன்று பக்கங்களை ரோல்கீன் தம் கையாலேயே செய்தார்: வெவ்வேறு கைகளில் எழுதினார், விளிம்புகளைப் புகைக்குழாய் நெருப்பாற் கருக்கினார், தைத்த துளைகளை இட்டார், குருதிக் கறை தீட்டினார். வண்ண அச்சுக்குச் செலவு மிகும் என்பதால் பதிப்பாளர் அவற்றை நூலிற் சேர்க்கவில்லை. ஆசிரியர் மறைந்த பின்னரே அவை வெளிவந்தன. ஓரி என்ற குள்ளன் விரைந்தும் நன்றாகவும் எழுதவல்லவன், எல்வ் இனத்தாரின் எழுத்தை விரும்பிக் கையாள்பவன் எனத் தோழனொருவன் நினைவு கூருகின்றான். அவ்வழகிய கை இறுதி வரியில் இழுபட்டு நின்றுவிடுகின்றது. ஓரியை நாம் உயிருடன் காண்பதில்லை. அவன் பேசக் கேட்பதுமில்லை. இந்நாவலில் அவனுக்கு வாய்த்த பாத்திர வார்ப்பு முழுவதும் கையெழுத்தே.

புரொடோவின் கை வேறொரு சிக்கலை எழுப்புகின்றது. பயண முடிவில் அவன் வலக்கையின் மூன்றாம் விரல் போய்விடுகின்றது. எனினும் வீடு மீண்ட பின் அவன் எழுதி முடித்த நூலின் எழுத்து உறுதியாக ஓடுவதாகவே ஆசிரியர் கூறுகின்றார். இதனை ஆசிரியரின் மறதி என நண்பர் சிலர் வாதிட்டனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பேனாவைத் தாங்குவன பெருவிரலும் அடுத்த விரல்களுமே என்பது ஒருபுறமிருக்க, புரொடோவின் காயம் எழுத்தில் தெரியும் காயமன்று. ஊரார் கண்ணுக்கு அவன் குணமடைந்தவனாகவே தோன்றினான் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பீற்றர் ஜக்சனின் திரைப்படங்களுக்கு (2001 - 2003, 2012 - 2014) நியூசிலாந்தைச் சேர்ந்த டானியல் றீவ் தேசப்படங்களையும் அழகெழுத்தையும் ஆக்கினார். முதற்படத் தொகுதியின் இறுதியில் நூலின் தலைப்புப் பக்கம் காட்டப்படுகின்றது: பில்போவின் பெயரும் புரொடோவின் பெயரும் ஒரே தாளில், இரு வேறு கைகளில். உரையாடல் சொல்ல வேண்டியதை அத்தாளே சொல்லிவிடுகின்றது. ஆயினும் திரைக்காக ஆக்கப்படும் கையொப்பத்தில் ஓர் ஆபத்துண்டு. பார்வையாளர் கணப்பொழுதில் இனங்காண வேண்டியிருத்தலின் போர்வீரனுக்குக் கோணல், முதியவனுக்கு நடுக்கம் என வாய்பாடு புகுந்துவிடலாம். நாடக மேடையின் ஒப்பனை மீசை போன்றது அது.

இதனினும் ஆழமான முரண்பாடொன்றுண்டு. அதனைச் சுட்டியவர் ரோல்கீனே. நாவல் முழுவதும் பழைய மொழியொன்றிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்க்கப்பட்டது என்பது அவரது பாவனை. பில்போவின் 'உண்மைப்' பெயர் பில்பா, புரொடோவினது மௌரா. அவ்வாறாயின் மசர்புல் ஏட்டிற் கீற்றெழுத்துக்குள்ளே ஆங்கிலச் சொற்கள் எங்ஙனம் வந்தன? அப்பக்கங்கள் அடிப்படையிலேயே பிழையானவை எனப் பிற்காலக் கட்டுரையொன்றில் அவரே ஒப்புக்கொண்டார். அக்கட்டுரை 1996 இல் அச்சேறியது. சொல்லை மொழிபெயர்க்கலாம், கையொப்பத்தை மொழிபெயர்க்க இயலாது. பில்போ எனத் திரையில் ஒப்பமிடும் கை, தர்க்கப்படி பில்பா என்றே ஒப்பமிட்டிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு நண்பரொருவரும் நானும் விடுதிக் கடித அத்தியாயத்தைத் தமிழாக்க முனைந்தபோது இச்சிக்கலில் நேரே போய் முட்டினோம். கண்டால்ஃப் என்ற பெயரைத் தமிழில் எழுதிவிட்டோம். அதனருகே வரும் குறியை என்செய்வது? ரூன் எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனிக் கீற்றுக்கள் உண்டு. நமக்கோ இரண்டுக்கும் ககரம் ஒன்றே. ககரத்தைக் கோணலாக வளைத்து ஒரு குறி செய்வோம் என்றார் நண்பர். செய்தும் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் கல்லிற் கீறக்கூடியதாக இல்லை, வளைவுகள் ஓலைக்குரியன. ஈற்றில் ரோல்கீனின் குறியையே இட்டோம். பொதியிலுள்ள எழுத்தைக் கண்டு சிறுவர் சொல்விளையாட்டாக ஆரவாரிக்கும் இடத்திற்கு மாத்திரம், ககரத்தில் தொடங்கும் நல்லதொரு சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம். 'கம்பீரம்' என்பது நண்பரின் முடிபு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.