தொழில்முனைவோர் என்னும் சொல்லும் அதன் சுற்றமும்: சிறுதொழில் ஆய்வு, இணையவழிப் பயிற்சி ஆகியவற்றின் தமிழ் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

சிறுதொழில் பற்றிய கல்விப்புல ஆய்வுகளும் தொழில்முனைவைக் கற்பிக்கும் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவாகிப் பின்னர்த் தமிழுக்கு வருகின்றன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., மைய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் ஆகிய தளங்களுக்குப் பின் இப்பாடங்கள் கைப்பேசி வரை வந்துவிட்டன. இவற்றின் பொருளடக்கம் குறித்து வணிகவியலார் நிறையவே எழுதியுள்ளனர். இவற்றின் தமிழ் குறித்த ஆய்வு அருகியே காணப்படுகிறது.

இக்கட்டுரை அத்தமிழை மதிப்பிடுகிறது. உரைகல்லாகக் கல்யாண் முதல் தாராவி வரையிலான மும்பைப் பகுதித் தமிழர் வழக்கு கொள்ளப்படுகிறது. இதற்குக் காரணம் இரண்டு. இங்குத் தமிழ், மராத்தியோடும் இந்தியோடும் அன்றாடம் உறழ்கிறது. மேலும், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்களின் வாழ்வு, தோல் பதனிடுதல் தொடங்கி இட்டலி விற்பனை வரை, சிறுதொழிலோடு பிணைந்தது. தோல் பதனிடும் தொழில் பெரும்பாலும் வெளியேறிய பின்னும் தோற்பொருள் செய்யும் பட்டறைகள் அங்கு நிலைத்தன. இப்பாடங்கள் யாருக்காக எழுதப்படுகின்றனவோ அவர்களே இங்கு வாழ்கின்றனர் எனலாம்.

2. சொல்லமைப்பு

'தொழில்முனைவோர்' என்பது தமிழகத்தில் நிலைபெற்றுவிட்ட கலைச்சொல். முனைதல் என்னும் வினையடியாகப் பிறந்த பலர்பால் வினையாலணையும் பெயர் இது. முனைவார் என்பது முனைவோர் எனத் திரிந்தது. ஈற்றயல் ஆகாரம் ஓகாரமாதலை நன்னூல் செய்யுளுக்கு உரியதாகக் கூறும். இன்றைய உரைநடையில் இவ்வடிவம் பெற்றோர், நுகர்வோர், சான்றோர் போன்ற தொகுதிப் பெயர்களில் தங்கியுள்ளது. எனவே 'அவர் ஒரு தொழில்முனைவோர்' என்னும் தொடரில் எண் முரண் உள்ளது. ஒருமைக்கு உரிய 'தொழில்முனைவர்' பரவாமைக்கு, 'முனைவர்' என்பது பல்கலைக்கழகப் பட்டத்தைக் குறிக்கும் அடைமொழியாக வேரூன்றியதும் ஒரு காரணமாகலாம்.

இதனினும் நோக்கத்தக்கது பண்புப்பெயரின் நிலை. தமிழ்நாட்டு அரசு நிறுவனமொன்றின் ஆங்கிலப் பெயர் தொழில்முனைவை மேம்படுத்துவதாகக் கூற, அதன் தமிழ்ப் பெயர் 'தொழில் முனைவோர் மேம்பாடு' என்கிறது. ஆங்கிலம் பண்பைச் சுட்டும் இடத்தில் தமிழ் ஆட்களைச் சுட்டுகிறது. இதை மொழிபெயர்ப்பு வழு எனத் தள்ளிவிட இயலாது. 1964இல் காக்கிநாடா வணிகர்களுக்குப் பயிற்சி அளித்த அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்கிளெலண்ட், முனைவு என்பது பயிற்சியால் ஊட்டக்கூடிய ஓர் உள்ளப் பண்பு என்னும் கருத்தை முன்வைத்தார். இத்துறையின் ஆங்கிலக் கலைச்சொற்கள் பல அப்பார்வையைச் சுமந்து வருபவை. ஆனால் சென்னை மாநிலத் தொழில்முனைவோரை ஆராய்ந்து ஜேம்ஸ் பெர்னா 1960இல் வெளியிட்ட நூலோ மூலதனம் கிட்டுதல், முன் தொழில் அனுபவம் ஆகிய சூழற்கூறுகளுக்கு முதன்மை தந்தது. ஆளைச் சுட்டும் தமிழ்ச் சொல் பெர்னாவின் பார்வைக்கு நெருக்கமானது.

இலங்கைத் தமிழ் வேறு வழி கண்டது. அங்கு 'முயற்சியாளர்', 'முயற்சியாண்மை' என்பன வழங்குகின்றன. வேளாண்மை, மேலாண்மை ஆகியவற்றில் உள்ள அதே 'ஆண்மை' விகுதியே இது. ஆளுதல் என்னும் பொருளது. இவ்வமைப்பில் ஒருமை, பன்மை, பண்பு மூன்றும் தெளிவாகப் பிரிகின்றன. சொல்லாக்க நோக்கில் இது தமிழக வழக்கினும் சீரியது. ஆயினும் ஆண்மை என்னும் சொல்லின் மற்றப் பொருள் பெண் தொழில்முனைவோர் பற்றிய பாடங்களில் குறுக்கிடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

3. உத்தியோகம், தொழில், குலத்தொழில்

கல்யாணில் மராத்திவழிப் பள்ளியில் பயிலும் தமிழ்ப் பிள்ளை, தொழில்முனைவோரை 'உத்யோஜக்' என்றும் தொழிலை 'உத்யோக்' என்றும் கற்கிறது. வீட்டில் அதே வடமொழி வேர் 'உத்தியோகம்' என வழங்குகிறது. அங்கு அதன் பொருள் மாதச் சம்பளப் பணி. முயற்சி என்னும் மூலப் பொருளிலிருந்து மராத்தியும் இந்தியும் தொழிற்சாலைப் பக்கம் நகர, தமிழ் அலுவலகத்தின் பக்கம் நகர்ந்தது. ஒரு வேர் இரு மொழிகளில் ஏறத்தாழ எதிர்நிலைகளைக் குறிக்கிறது. இந்தியிலிருந்து இயந்திர மொழிபெயர்ப்பு வழி வரும் பாடங்களில் இவ்விரண்டும் மயங்கும் வாய்ப்பு மிகுதி.

இம்மயக்கத்திற்குச் சமூகப் பின்புலமும் உண்டு. மும்பைத் தமிழரின் வருகை பொதுவாக இரு நீரோட்டங்களாகக் காட்டப்படும். மாட்டுங்காவை நோக்கி எழுத்தர் பணிக்கு வந்தவர்கள் ஒரு சாரார். 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்கள் காலத்தது. தாராவிக்கு உடலுழைப்புக்கு வந்தவர்கள் மற்றொரு சாரார். உத்தியோகமும் தொழிலும் ஒரு புகைவண்டி நிலைய இடைவெளியில் இரு உலகங்களைக் குறித்தன.

'தொழில்' என்னும் சொல்லும் நடுநிலையானது அன்று. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் 'குலக்கல்வித் திட்டம்' என எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டதைத் தமிழர் மறக்கவில்லை. 2023இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் குடும்பவழி மரபுத் தொழிலை அடிப்படையாகக் கொண்டபோது, அதனை இப்போதைய வடிவில் ஏற்க இயலாது எனத் தமிழ்நாட்டு அரசு 2024இல் தெரிவித்தது. ஆங்கிலத்தில் 'மரபு' என்பது பெருமைக்குரிய அடைமொழி. தோல் தொழிலாளர் குடும்பத்து இளைஞனின் செவியில் 'பாரம்பரியத் தொழிலில் முனைவு' என்பது சாதியின் பெயராக ஒலிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் இதை அறிந்தே சொல்லைத் தேர வேண்டும்.

4. வகைப்பாட்டுச் சொற்கள்

பொருளியல் நூல்கள் சிலவற்றில் 'சிறுவணிகம்' என்றும் வேறு சிலவற்றில் 'சிறுதொழில்' என்றும் ஒரே ஆங்கிலத் தொடர் பெயர்க்கப்படுகிறது. தமிழ் வழக்கில் வணிகம் என்பது வாங்கி விற்றல். தொழில் என்பது செய்து தருதலையும் உட்கொள்ளும். இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தியையும் சேவையையும் கருத்திற் கொண்டது. சில்லறை, மொத்த வணிகர்கள் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்டபோதும் முன்னுரிமைக் கடன் என்னும் ஒரு பயனுக்கே சேர்க்கப்பட்டனர். விடியலுக்கு முன் மாவு அரைத்து, இட்டலி அவித்து, விற்பனைக்கு அனுப்பும் தாராவிப் பெண் உற்பத்தியாளரா, வணிகரா? 'நீங்கள் செய்வது வியாபாரமா?' என்று வினாநிரலில் கேட்டால் அவர் ஆம் என்பார். அந்த ஒரு விடையால் அவர் வேறு கட்டத்துக்குள் தள்ளப்படுகிறார். பிழை அவருடையதன்று, வினாவைப் பெயர்த்தவருடையது.

'விற்றுமுதல்' இன்னும் கூர்மையான சான்று. 2020 ஜூலை முதல் நிறுவன வகைப்பாட்டில் முதலீட்டோடு விற்றுமுதலும் அளவுகோலாயிற்று. குறுநிறுவனத்துக்கு அப்போது முதலீட்டு வரம்பு 1 கோடி ரூபாய், விற்றுமுதல் வரம்பு 5 கோடி ரூபாய். 2025 ஏப்ரல் முதல் இவை 2.5 கோடி, 10 கோடி என உயர்ந்தன. இக்கலைச்சொல், அறுவடையில் அளந்து கண்ட விளைச்சலைக் குறிக்கும் 'கண்டுமுதல்' என்னும் பழஞ்சொல்லின் அச்சில் அமைந்தது. அங்கு 'முதல்' என்பது வரவு. வயலை அறியாத நகரத் தலைமுறைக்கு 'முதல்' என்றால் போட்ட பணம் மட்டுமே. முதலாளி என்னும் சொல்லும் அப்பொருளையே உறுதி செய்கிறது. ஆகவே விற்றுமுதலை, விற்றுத் திரும்பிய முதலீடு என அவர்கள் பொருள் கொள்ளக்கூடும். அழகிய சொல்லாக்கம் தவறான புள்ளிவிவரத்தை விளைவிக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. 'ஓர் ஆண்டில் மொத்தம் எவ்வளவுக்கு விற்றீர்கள்?' என்னும் எளிய வினாவில் இம்மயக்கம் இல்லை.

1970களில் ஆப்பிரிக்க நகர்ப்புற ஆய்வுகளின் வழிப் பரவிய கருத்தாக்கம் ஒன்று தமிழில் 'முறைசாரா', 'அமைப்புசாரா' என இரு வடிவம் பெற்றுள்ளது. பள்ளிக்கு வெளியிலான கல்விக்கும் 'முறைசாராக் கல்வி' என்பதே பெயர். மூலத்தில் இச்சொல் பதிவும் ஒழுங்குமுறையும் எட்டாத நிலையைக் குறிக்கும். தமிழிலோ 'முறை' என்பது நீதி, ஒழுங்கு, உறவு என விரிவது. முன்பணம், துண்டுக்கூலி, தவணை, கைமாற்று என நாணயத்தால் கட்டப்பட்ட ஒரு பட்டறைத் தெருவை 'முறைசாராத் துறை' என்னும்போது, அங்கு முறையே இல்லை என்று தமிழ் கூறிவிடுகிறது. 'பதிவுசாரா' என்பது பொருத்தமாக இருக்கும்.

5. வழக்கில் உள்ள கருத்தாக்கங்கள்

தமிழில் சொல் இல்லாமையால் புதுச்சொல் படைக்கிறோம் என்பது பொதுவான விடை. அது முழுமையாகப் பொருந்தாது. வரவும் செலவும் சமமாகும் நிலையைப் பாடநூல்கள் 'சமநிலைப் புள்ளி' என்கின்றன. வியாபாரி 'முதலுக்கு மோசமில்லை' என்கிறார். அவரே சில வேளைகளில் 'முதலுக்கு மோசமில்லை, ஆனால் கட்டுப்படியாகவில்லை' என்றும் சொல்வதுண்டு. போட்ட பணம் திரும்பியது. ஆனால் தன் உழைப்புக்கும் நேரத்துக்கும் ஏற்ற ஊதியம் அதில் இல்லை என்பது பொருள். கணக்கியல் இலாபத்துக்கும் பொருளியல் இலாபத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க ஆசிரியர் ஒரு வகுப்பைச் செலவிடுகிறார். இத்தொடர் அதை ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிறது.

சீட்டும் அவ்வாறே. 1962இல் மானிடவியலறிஞர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பின் ஆங்கில ஆய்வுலகில் இதற்கு நீண்டதொரு கலைச்சொல் வழங்கலாயிற்று. இந்தியச் சட்டமோ அதை நாடவில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டம் 'சிட்' என்னும் உள்நாட்டு வழக்கையே தலைப்பாக்கியது. கல்யாண்வாழ் தமிழ்ப் பெண்களுக்குச் சீட்டும் தெரியும், அதன் மராத்தி நிகரான 'பிஷி'யும் தெரியும். அவர்களிடம் சென்று 'சுழற்சிக் கடன் சங்கம்' என்று பேசும் பாடம், அவர்கள் அறிந்ததையே அறியாததாக்கிவிடுகிறது.

6. இணையவழிப் பாடத்தின் நடை

இணையவழிப் பாடங்களில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. ஆங்கில விரிவுரை பேச்சாகத் தொடங்குகிறது, எழுத்தாக்கப்பட்டு மொழிபெயர்க்கப்படும்போது எழுத்துத் தமிழாகிறது, மீண்டும் குரலேற்றப்படுகிறது. இரட்டை வழக்கு உள்ள மொழியில், கண்ணுக்கு எழுதிய நடை காதுக்கு வருகிறது. பின்வரும் தொடர் இந்நடையை உணர்த்த யாம் அமைத்தது: 'தொழில்முனைவோர் தமது நிறுவனத்தின் நிதி நிலைத்தன்மையை உறுதிப்படுத்தும் பொருட்டுச் சமநிலைப் புள்ளியைக் கண்டறிவது இன்றியமையாததாகக் கருதப்படுகிறது.' இதில் இலக்கணப் பிழை இல்லை. செய்பவர் யார், எதை எண்ண வேண்டும் என்பது மட்டும் இல்லை. இதனையே, 'மாதம் எத்தனை பை விற்றால் முதலுக்கு மோசமில்லை என்று முதலில் கணக்கிடுங்கள். அந்த எண்ணிக்கையே சமநிலைப் புள்ளி' எனலாம். கலைச்சொல் நீங்கவில்லை, அறிந்ததிலிருந்து அதற்கு வழி அமைந்தது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. அதில் குரல் இந்திய மொழியிலும் திரை ஆங்கிலத்திலும் அமையும். வேலைவாய்ப்புக்கு ஆங்கிலத் திரை தேவை என்பது அதன் நியாயம். மென்பொருள் கற்பிக்க இம்முறை பொருந்தும். தொழில்முனைவுப் பாடத்தில் திரைக்கு நிகரானது கற்பவரின் கணக்கேடு. அது அவர் மொழியிலேயே உள்ளது. ஆதலின் அம்முறையை இங்கு அப்படியே பின்பற்றுவது பயன் தராது.

நாட்டு வேறுபாடும் கருதத்தக்கது. 'ஆன்லைன்' என்பதற்குத் தமிழகத்தில் 'இணையவழி' வழங்க, இலங்கையின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் 'நிகழ்நிலைக் காப்புச் சட்டம்' எனப் பெயர் பெற்றது. தமிழக 'மேலாண்மை' அங்கு 'முகாமைத்துவம்'. எல்லை கடந்து செல்லும் பாடங்களுக்கு இருநாட்டு நிகரன்களைத் தரும் சொல்லடைவு தேவை.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கலைச்சொற்பட்டியல்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் தொழிலோர் வழக்கு தனி நிரலில் இடம்பெற வேண்டும். இரண்டாவது, வகைப்பாட்டையோ கடன் தகுதியையோ தீர்மானிக்கும் வினாக்களில் கலைச்சொல்லை விடுத்து வினைவடிவில் கேட்க வேண்டும்; பெயர்த்த வினாவைக் களத்தில் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்துச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, ஒலிவடிவப் பாடங்களைச் செவிக்கென எழுத வேண்டும். இயந்திரம் தந்த வரைவை, அத்தொழில் செய்வோர் ஒருவரேனும் கேட்டுத் திருத்திய பின்னரே வெளியிட வேண்டும்.

இவை மொழித்தூய்மை பற்றிய கோரிக்கைகள் அல்ல. தாராவி மறுமேம்பாட்டுக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. கீழே பட்டறையும் மேலே குடியிருப்புமாக வாழும் குடும்பம் தன் இடத்தை வீடு என்று சொல்கிறதா, தொழிற்கூடம் என்று சொல்கிறதா என்பது அங்கு வெறும் சொற்பொருளியல் வினாவாக இராது. அத்தகைய இடங்களில் வினாவைத் தமிழாக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரிடமும், அவருக்குச் சொல் வழங்கும் மொழியியலாரிடமும் உள்ளது.