பிசியும் கணினி மருமக் கதையாட்டமும்

தொல்காப்பியர் செய்யுளியலில் எழுவகை யாப்பினுள் பிசியையும் ஒன்றாக எண்ணினார். ஒப்புமையால் மறைத்துக் கூறுவதும், தோன்றுவதைக் கூறித் தோன்றாததைத் துணியவைப்பதும் என அஃது இருவகைப்படும். கணினித் திரையிற் காணும் பொருள்களைச் சுட்டிச் சொடுக்கி மருமத்தை அவிழ்க்கும் கதையாட்டம் இவ்விரண்டாம் வகையோடு இயைவது என்பதும், அதன் சிறப்புப் பொருட்செலவைப் பொறுத்ததன்று என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பிசி, கேட்போன் அறிந்த உலகத்தின் மேல் நிற்பது. உரையாசிரியராகிய பேராசிரியர் யானையை விடையாகவுடைய பிசி ஒன்றைக் காட்டுவர். யானையை அறியாதான் முன் அது வெறுஞ்சொல்லாய் ஒழியும். ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப் பகுதியில் யானை வழங்கும் காடும் தொழிற்சாலையும் அணித்தணித்தே உள்ளன. அங்கு வழங்கும் தமிழில் விடுகதை, கன்னடத்தில் ஒகட்டு, தெலுங்கில் பொடுபு கதை எனப் பெயர் வேறாயினும், விடையாகும் பொருள் யாவர்க்கும் பொது. இப்பொதுமையே பிசிக்கு உயிர் என்க.

இதனை மறந்த ஆட்டம் இடறும். சியரா நிறுவனம் 1999இல் வெளியிட்ட ‘கேப்ரியல் நைட் 3’ அதற்குச் சான்று. அதன் தலைமகன் நண்பன் பெயரிலுள்ள இருசக்கர வண்டியை வாடகைக்குப் பெறல் வேண்டும். அதற்குப் பூனை மயிரால் மீசை ஒட்டிக்கொள்கிறான். நண்பனுக்கோ மீசை இல்லை. ஆதலின் அவன் கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டியுளது. இருசக்கர வண்டிகள் ஆக்கும் ஓசூரார்க்கும் இத்துணிவு எய்தாது. திரையில் தோன்றிய எப்பொருளும் அதற்கு வழிகாட்டாமையின், இது பிசியன்று, வெறும் ஊகமே.

2003இல் பென் குரோஷா இலவசமாக வெளியிட்ட ‘பைவ் டேஸ் எ ஸ்டிரேஞ்சர்’ இதற்கு மாறானது. இங்கிலாந்து நாட்டு மாளிகை ஒன்றில் களவாடப் புகுந்தவன் வெளியேற இயலாது சிக்குண்கிறான். உடன் சிக்கினோருள் கொலையுண்பாரும் உளர். கதை நிகழும் ஐந்து நாளும் பெரும்பாலும் அவ்வறைகளே மீண்டும் வருகின்றன. செலவின் சுருக்கத்தால் நேர்ந்த இம்மீட்சியே ஆடுவோனுக்கு அவ்வறைகளைப் பழகிய உலகம் ஆக்குகிறது. முதல்நாள் வாளா கிடந்த பொருள் பின்னாளில் ஏதுவாகின்றது. எனினும் கொலைக்குக் காரணம் இறந்தோன் ஆவி என முடிவது, துணிவைத் தளர்விக்கும் குறையே.

உயரிய ஓவியமும் முப்பரிமாணமும் அச்சச்சுவையை மிகுவிக்கும் என்பார் உளர். மிகுவிக்கும், ஆயின் துணிவை நல்கா.

தமிழில் இத்தகைய ஆட்டம் ஆக்குவார்க்கு ஓசூர் எல்லை ஏற்ற களன். சரக்கு சேவை வரி 2017 சூலை 1இல் நடைமுறைக்கு வந்தபின் தொழிலற்றுப்போன வணிகவரிச் சோதனைச் சாவடி ஒன்றும், மும்மொழிச் சீட்டுகள் சிலவும் கதைக்குப் போதும். ஒரு பொருட்கு மூன்று பெயர் வழங்கும் இடத்தில், எப்பெயரை எவன் எழுதினான் என்பதே துப்பாகும். அறைகள் சில என நாணற்க. அவற்றுள் வைத்த பொருள் ஒவ்வொன்றும் விடைக்கு வழியாதல் வேண்டும் என்பதே நம் துணிபு.