கல்லெழுத்தும் குறியெண்ணும்: மணிமங்கலக் கல்வெட்டுப் பாடங்களை முன்வைத்து

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை அடுத்துள்ள மணிமங்கலம், பல்லவர் சாளுக்கியரை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேட்டால் அறியப்படுகிறது. அவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் அச்சேறியுள்ளன. இத்தகைய பாடங்கள் கணினியில் ஏற்றப்படும்போது பதிவாவது கல்லில் உள்ளதா, பதிப்பாசிரியர் படித்ததா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறியேற்ற விவாதம்

1991இல் வெளிவந்த ஒருங்குறி, இஸ்கி எனும் இந்தியத் தரத்தைப் பின்பற்றித் தமிழை அமைத்தது. அதில் அகரமேறிய மெய்யே அடிப்படை. தனிமெய்யைப் பெறப் புள்ளிக்குரிய குறியெண்ணைச் சேர்க்க வேண்டும். எனவே ஏழு எழுத்துடைய ‘மணிமங்கலம்’ பத்துக் குறியெண்களாகிறது. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும் யுடிஎஃப்-8 முறையில் அச்சொல் 30 பைட்டுகளாகிறது. 2010இல் தமிழ்நாட்டரசு ஏற்பளித்த டேஸ்-16 முறையில், எழுத்துக்கு இரண்டு பைட்டு வீதம் 14 பைட்டுகளே போதும். இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டோர் இடச்சிக்கனத்தையும் இலக்கணப் பொருத்தத்தையுமே பெரிதும் வாதிட்டனர். கல்வெட்டாய்வின் சிக்கல் வேறிடத்தில் உள்ளது.

புள்ளியில்லாப் பாடம்

மெய்க்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியைத் தொல்காப்பியம் விதித்தாலும், சோழர் கல்வெட்டுகளில் அது பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. கல்லில் ‘எரி’ என நிற்பது ஏரியா, எரியா என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டும். ‘கொயில’ என்பதைக் கோயில் எனக் கொள்வதும் வாசிப்பே. ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் கல்லில் வடிவம் ஒன்றே, குறியெண்களோ இரண்டு.

இந்நிலையில், டேஸ்-16 மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனிக் குறியெண் தருவதால், தட்டச்சிடும்போதே ககர மெய்யா, அகரமேறிய ககரமா என முடிவு செய்ய நேர்கிறது. ஒருங்குறியில் புள்ளியை விட்டுவிட்டால் கல்லின் தோற்றம் கிடைக்கும். ஆனால் அக்குறியெண் அகரமேறிய ககரத்தையே குறிப்பதால், கணினி அதை உயிர்மெய்யாகவே கொள்ளும். இலக்கணத்திற்கு முரணானது எனக் குறைகூறப்படும் முறையே கல்லுக்குச் சற்று நெருங்கி நிற்கிறது. எனினும் துணியப்படாத எழுத்தைத் துணியப்படாததாகவே காட்டும் வழி இரண்டிலும் இல்லை.

பயன்பாட்டில் இதன் விளைவு சிறிதன்று. புள்ளியிட்ட சொல்லைத் தேடுவோருக்குப் புள்ளியில்லாப் பாடம் அகப்படாது. மறுபுறம், திருத்திய பாடத்தை மூலமெனக் கொண்டு எழுத்து வரலாறு எழுதுவோருக்கு, வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 18ஆம் நூற்றாண்டு ஏகாரக் குறி 11ஆம் நூற்றாண்டிலேயே காணப்படும். அச்சுப் பதிப்பில் அடிக்குறிப்பு தந்த எச்சரிக்கை, வெறும் எழுத்துத்தொடராகச் சேமித்த கோப்பில் எஞ்சுவதில்லை.

முடிவுரை

எந்தக் குறியேற்றம் சிறந்தது என்ற வினா மட்டும் கல்வெட்டாய்வுக்குப் போதாது. மைப்படியில் உள்ளவாறு ஒரு பாடமும், புள்ளியும் நெடிலும் துணிந்து தந்த வாசிப்பாக மற்றொரு பாடமும் இணைத்தே சேமிக்கப்பட வேண்டும். தேடல் வாசிப்பிலும், எழுத்தாய்வு மைப்படிப் பாடத்திலும் நிகழலாம். பதிப்பாசிரியர் சேர்த்ததை அடையாளமிட்டுக் காட்டும் எபிடாக் போன்ற குறிமுறைகள் இதற்கு ஏற்கெனவே வழி தருகின்றன. பதிப்பாசிரியரின் துணிபு துணிபாகவே தெரிந்தால்தான், பின்வருவோர் அதனை மறுத்துக் கல்லை மீண்டும் படிக்க இயலும்.